மோட்டாரை விடு, தரையைப் பார்

அக்கா மகளுக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் உதவி மேலாளர் வேலை. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இலை வாட்டும் ட்ரஃப் நான்கைப் பிரித்துப் புதிதாகப் போடும் பொறுப்பை இந்த ஜனவரியில் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். உறைபனி விழும் மாதங்களில் கொழுந்து வரத்து குறைந்துவிடும். ஃபேக்டரிகளில் பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "மாமா, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கோர்ஸ் ஏதாவது படிக்கட்டுமா?" என்று கேட்டாள். படி, நல்லதுதான், அதற்கு முன்னால் ஒரு டம்ளர் டீ குடித்துக்கொண்டே பேசுவோம் என்றேன். முப்பது வருஷம் டீ மேக்கராக இருந்தவன் நான். இந்த வேலையில் அடிபட்டுக் கற்றது கொஞ்சம் உண்டு.

"வேலை முடிந்தது என்று எப்போது சொல்லுவாய், கண்ணு?"

"நாலு ட்ரஃப்பும் நின்றுவிட்டால்."

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். ட்ரஃப் நின்றது, கம்பி வலை இழுத்துக் கட்டியாயிற்று, கான்ட்ராக்டருக்குப் பணமும் கொடுத்தாயிற்று. விசிறிகள் கூடியதால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் யார் பட்டியலிலும் இல்லை. பொறுப்பு என்னுடையது, தவறும் என்னுடையதுதான். ஏப்ரலில் மழை பெய்து கொழுந்து சாக்குச் சாக்காக வந்து இறங்கியது. கூடுதல் மின்பளு கிடைக்காததால் விசிறி ஓடவில்லை. காற்று ஓடாத ட்ரஃப்பில் வேறு வழியில்லாமல் கொட்டி வைத்தோம். விடிகாலையில் குவியலுக்குள் கையை விட்டேன், சுட்டது. நடுவிலிருந்த இலையெல்லாம் சிவந்து கிடந்தது. சரிவில் நின்று நனைந்துகொண்டே பெண்கள் பறித்த இலை அது. உரக்குழியில்தான் கொட்டினோம்.

அதனால் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, முடிவை முதல் வரியாக எழுதச் சொன்னேன். 'ஏப்ரல் 1 அன்று இரவு நான்கு ட்ரஃப்பிலும் இலை பரப்பி, விசிறி ஓடி, மறுநாள் காலை வாடிய இலை, அதை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மிஷினுக்குப் போக வேண்டும்.' இப்படி எழுதிவிட்டால் மின்பளு தானாகவே பட்டியலில் வந்து உட்காரும். அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய வேலை அது. அதனால் விண்ணப்பத்தை நாளைக்கே கொடுத்துவிடு என்றேன்.

அடுத்தது வரிசை. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். இவள் ஒரு வாரமாகக் கோயம்புத்தூருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். விசிறி மோட்டார்கள் வைண்டிங்குக்கு மலை இறங்கியிருக்கின்றன, இன்னும் வரவில்லை என்று கவலை.

சேர்ந்து கணக்குப் போட்டோம். பழைய தரையை உடைத்துக் கான்கிரீட் போட 4 நாள். தண்ணீர் விட்டு இறுக விட 10 நாள். இந்தக் குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் பிடிக்கும், இரவில் சாக்குப் போட்டு மூட வேண்டும். அதன் மேல் ட்ரஃப் நிறுத்த 5 நாள். விசிறி பொருத்தி இணைப்புக் கொடுக்க 2 நாள். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. ஆக 21 நாள். மோட்டாருக்கு 8 நாள். ஆனால் அது தேவைப்படுவது 20-ஆம் நாள். இன்னும் பத்து நாள் பிந்தினாலும் குடி முழுகாது. தரை ஒரு நாள் பிந்தினால் எல்லாமே ஒரு நாள் பிந்தும். அந்தத் தரையை உடைக்க இன்னும் ஆள் வரவே இல்லை! சுவருக்கு வெள்ளையடிப்பதை எப்போது வேண்டுமானாலும் நுழைத்துக்கொள்ளலாம்.

இப்படித் தள்ளிப்போட இடமில்லாத சங்கிலியைத் தேடிப் பிடிக்கும் முறையை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் உருவாக்கினார்கள். 'கிரிட்டிக்கல் பாத்' என்று கோர்ஸில் சொல்லித்தருவார்கள். அங்கே கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டார்கள். நான்கு ட்ரஃப்புக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

"நாலையும் ஒரே நாளில் ஓட்டிக் காட்டணும்னு முதலாளி சொல்றார், மாமா" என்றாள். இதற்கு நம் மலை ரயிலைத்தான் உதாரணம் சொன்னேன். 1854-லேயே அதற்கான பேச்சு எழுந்துவிட்டது. மண் வெட்டத் தொடங்கியது 1891-ல். எடுத்த கம்பெனி 1894-ல் நொடித்துப்போக, புதிதாக வந்த கம்பெனி வேலையைத் தொடர்ந்தது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டிக்குப் போனது 1908-ல். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல் தண்டவாளம் அங்கேதான் உண்டு. குன்னூருக்கு மேல் சாதாரணத் தண்டவாளமே போதும். கடினமான பாதியை முதலில் கட்டித் திறந்துவிட்டார்கள். ஊட்டிப் பாதை வரும்வரை அது சும்மா கிடக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கியது.

நீயும் தரையை முழுதாகப் போடு. பிறகு முதல் இரண்டு ட்ரஃப்பை விசிறி வரைக்கும் முடித்து, இருக்கிற கொஞ்சம் இலையைப் பரப்பி ஓட்டிப் பார். வலை தொய்கிறதா, காற்று கடைசி மூலை வரை போகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். அடுத்த இரண்டில் அந்தத் தவறு வராது. முதலாளியிடம் இதைக் காரணத்தோடு, தேதி போட்டு எழுதிக் கொடு என்றேன். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், முதலாளி மூவரும் பார்க்கிற மாதிரி அந்தத் தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டவும் சொன்னேன்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியைப் பிடித்துவிட்டாள். தரை வேலை புதன்கிழமை தொடங்குகிறது.