இலவசமாகக் கிடைத்த சில்லுகள்

குன்னத்தூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வோர் வீடுகளில் சனிக்கிழமை இரவுதான் கணக்குப் பார்க்கும் இரவு. வாரச் சம்பளத்தில் மளிகைப் பாக்கி, மகளிர் குழுத் தவணை, பிள்ளைகளின் படிப்புச் செலவு எனப் பிரித்து வைத்தபின் எஞ்சுவது சொற்பமே. சில வீடுகளில் அந்தச் சம்பளம் படியேறுமுன்பே சூதில் கரைந்துவிடுகிறது.

சூதாட்டத்தை வைத்துத் திரைப்படங்கள் ஏராளமாக வந்துள்ளன. அது குடும்பத்தை என்ன செய்கிறது என்று நின்று பார்த்தவை குறைவு. 1949-இல் ஹாலிவுட்டில் மைக்கேல் கார்டன் இயக்கிய 'தி லேடி கேம்பிள்ஸ்' அத்தகையது. பார்பரா ஸ்டான்விக் ஏற்ற ஜோன் என்னும் பாத்திரம் ஒழுங்கான குடும்பப் பெண். பத்திரிகையாளரான கணவர் தம் பணிக்காக லாஸ் வேகாஸ் செல்ல, உடன் செல்கிறாள். பொழுது போகாமல், சூதாட்ட விடுதியைப் பற்றித் தானும் எழுதலாம் என்று மறைவாகப் படம் பிடிக்கிறாள். அகப்பட்டுக்கொள்கிறாள். விடுதி முதலாளி அவளை விரட்டவில்லை. ஆடிப் பார்க்கும்படி இலவசமாகச் சில்லுகளைக் கொடுக்கிறார்! விரைவிலேயே கணவரின் செலவுப் பணத்தில் கைவைக்கிறாள்.

கைப்பேசி ரம்மியில் புதிதாகச் சேர்ந்தோருக்கு 'போனஸ்' என்று அளித்தார்களே, அது இந்தச் சில்லுகளின் மறுபிறவிதான்.

ஜோனின் வீழ்ச்சிக்கு அவளுடைய தமக்கையின் கண்டிப்பைக் காரணமாகப் படம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் பகுதியில் காரணம் தேட அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. கையில் வாரக் கூலி, தலையில் கடன், ஒரே வீச்சில் அடைத்துவிடலாம் என்ற ஆசை. போதாதா?

இந்த ஆசையை அரசே விற்ற காலமும் உண்டு. 1968-இல் தமிழக அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் ஊரெங்கும் ஒலித்தது. பின்னர் சுரண்டல் லாட்டரியும் ஒரு நம்பர் லாட்டரியும் கூலிக்காரர்களின் பையைக் காலி செய்தன. 2003 சனவரியில் எல்லா லாட்டரிகளுக்கும் இங்கே தடை வந்தது. கருவூலத்திற்கு வருமானம் கிடைத்தது உண்மைதான். மதுவிலும் சூதிலும் சில பயன்கள் உண்டென்றும் அவற்றின் பாவமே பெரிதென்றும் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எடைபோட்டுச் சொல்வது இங்கு நினைவுக்கு வருகிறது.

லாட்டரிக் கடை தெருவில் இருந்தது. வாங்குபவரை அண்டை வீட்டார் பார்த்தார்கள், செய்தி மனைவியின் காதுக்கு எட்டியது. கைப்பேசிச் சூதுக்குச் சாட்சியே இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாமல் நள்ளிரவில் ஒருவர் மாதச் சம்பளத்தைத் தோற்றுவிட முடியும். தமிழக அரசின் தடைச்சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2022-இல் புதுச்சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய, பெரிய நிறுவனங்கள் அவற்றை நிறுத்தின. ஆயினும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள் புதுப்புதுப் பெயர்களில் வந்தவண்ணம் உள்ளன.

படத்தில் கணவர் மன்னிக்கிறார், ஊரை மாற்றிப் பார்க்கிறார். மெக்சிகோ போயும் பகடை அவளைத் தேடி வருகிறது. நம் சகோதரிகளோ பெரும்பாலும் வேறொன்று செய்கிறார்கள்: மாமியாருக்கும் தெரியாமல் மஹர் நகையை அடகு வைத்துக் கணவரின் கடனை அடைக்கிறார்கள். கடன் அடைந்ததும் ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது. நகையை எடுக்குமுன், எந்தெந்தச் செயலியில் எவ்வளவு கடன் என்ற முழுக் கணக்கையும் கணவரே எழுதித் தரச் சொல்லுங்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் உடனிருக்கட்டும். குறிப்பிட்ட காலத்திற்கு வங்கிக் கணக்கும் சம்பளமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடக்க முடியாத சூதாட்ட வேட்கையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கத்திற்கு இடமில்லை. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி மையத்திற்கு 14416 என்ற எண்ணில் இரவிலும் பேசலாம். கட்டணம் கிடையாது. அவர் பேச மறுத்தால், முதலில் நீங்கள் பேசுங்கள்.