உலைச் சூடும் இரும்புக் கதவும்

வீட்டு முகப்பை அலங்கரிக்க இரும்புக் கதவு வேண்டுமென்று விரும்புகிறவர்கள் கொடியும் சுருளும் இலையுமான சித்திரத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சித்திரத்தின் ஒவ்வொரு வளைவும் எந்த உஷ்ணத்தில் பிறந்தது, எந்த இணைப்பினால் நிலைத்து நிற்கிறது என்பதைப் பொறுத்தே கதவின் அழகும் ஆயுளும் அமைகின்றன.

இரும்பின் குணபேதங்களுக்கெல்லாம் பிரதான காரணம் அதனுள் கலந்திருக்கும் கரியே. நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி சேர்ந்த வார்ப்பிரும்பு, உருக்கி அச்சில் ஊற்றுவதற்கு மிகவும் ஏற்றது. சம்மட்டி அடிக்கோ அது வளையாது, உடையும். பழைய ஐரோப்பியக் கதவுகள், கரி ஏறக்குறைய முற்றிலும் நீங்கி, கசடு மட்டும் இழையிழையாக உள்ளே ஓடிய தேனிரும்பினால் அடிக்கப்பட்டவை. இன்றைய பட்டறைகளில் அதன் ஸ்தானத்தைப் பிடித்திருப்பது, நூற்றுக்குக் கால் பங்குக்கும் மேற்படாத கரியுள்ள மைல்டு ஸ்டீல். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.13 கிலோ எடையுள்ளது. ஆகையால் 20 மீட்டர் கம்பி செல்லும் ஒரு சாதாரணக் கதவுக்குக்கூட, சட்டத்தின் எடையைச் சேர்க்காமலே 22 கிலோவுக்கு மேல் தாங்கும் கீல் வேண்டும்.

குளிர்ந்த இரும்பை அடித்துக்கொண்டே போனால் அதன் படிகங்களுக்குள் சிக்கல் விழுந்து, உலோகம் மேன்மேலும் கடினமாகி, முடிவில் வெடித்துவிடுகிறது. செஞ்சூட்டிலோ, அடியினால் குலைந்த படிகங்கள் கலைந்து, அவற்றின் இடத்தில் புதிய படிகங்கள் உடனுக்குடன் தோன்றுவதால், எத்தனை அடி பட்டாலும் இரும்பு தன் இளக்கத்தை இழப்பதில்லை. தூய இரும்பில் 912 டிகிரி சென்டிகிரேடில் அணுக்கள் தம் வரிசையையே மாற்றிக்கொண்டு நெருங்கி அமைகின்றன என்பது இன்னொரு விசித்திரம். இந்த நிலைகளையெல்லாம் கொல்லர் கருவி கொண்டு அளப்பதில்லை. நிறத்தைக் கொண்டே அறிகிறார். ஏறத்தாழ 750 டிகிரியில் நல்ல சிவப்பு, 950-ஐ ஒட்டிச் செம்மஞ்சள், 1,100-ஐ நெருங்கும்போது மஞ்சள். வெயில் நேரே விழுந்தால் இந்த நிறங்கள் கண்ணை ஏமாற்றும். உலைக்களத்தில் வெளிச்சம் குறைவாக வைக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு சுருள் உருவாகும் விதத்தைக் கவனிக்கலாம். சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்த வளைவின்மேல் நூலை வைத்து அளந்து, கம்பி வெட்டப்படுகிறது. அதன் நுனியை மஞ்சள் சூட்டில் பட்டடைக்கல்லின்மேல் வைத்துத் தட்டிக் கூராக்கி, கல்லின் விளிம்பில் சிறு மொட்டாக மடித்து, பிறகு வார்ப்படச் சட்டத்தில் கோத்துக் குறட்டினால் இழுத்து வளைக்கிறார்கள். மெல்லிய நுனி சீக்கிரம் ஆறிவிடுமாதலால் எல்லாம் சில விநாடிகளில் நடந்தாகவேண்டும். சிவப்பு மங்கியதும் கம்பி உலைக்குத் திரும்புகிறது. ஏனெனில் சுமார் 200 முதல் 400 டிகிரி வரையில் இந்த எஃகு ஆறிய நிலையைவிட அதிகமாக நொறுங்கும் சுபாவம் கொள்கிறது. அப்போது விழும் அடி, வெளியே தெரியாத கீறலை உள்ளே விட்டுச்செல்லும்.

இணைப்புகளில்தான் தொழிலின் சூட்சுமம் விளங்குகிறது. குறுக்குக் கம்பியில் துளையிட இயந்திரத்தால் குடைந்தால் அவ்வளவு உலோகமும் தூளாகிப் போய், கம்பி அந்த இடத்தில் பலவீனப்படும். செஞ்சூட்டில் உளியால் பிளந்து விரித்தாலோ, உலோகம் இரு பக்கமும் ஒதுங்கிப் புடைத்துக்கொள்கிறது. அந்தப் புடைப்பே பலம், அதுவே அலங்காரம். இரண்டு சுருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் செக்கச்சிவந்த பட்டை ஒன்றைச் சுற்றி மடக்கினால், 10 சென்டிமீட்டர் பட்டை ஆறும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கி, அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பிரான்ஸின் நான்சி நகரில், 1755-இல் திறக்கப்பட்ட ஸ்டானிஸ்லாஸ் சதுக்கத்துக்கு ழான் லாமூர் என்ற கொல்லர் அமைத்த பொன் பூசிய இரும்பு வாயில்கள் இக்கலையின் உன்னத உதாரணங்கள். அந்தச் சதுக்கம் 1983-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாக அடித்த கதவுக்கும் சத்துரு துரு. உலையில் பிராணவாயுவோடு சேர்ந்து படியும் கருஞ்செதிலைச் சுரண்டாமல் வர்ணம் பூசினால், செதில் உதிரும்போது வர்ணமும் கூடவே உதிரும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், பட்டைக்கடியில் தேங்கும் மழைநீர் நாளடைவில் பட்டையையே நெம்பிப் பிளந்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த நாசத்தைத் துரிதப்படுத்துகிறது. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் கதவை முழுக்கி எடுப்பது சிறந்த பாதுகாப்பு. பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தானே முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

ஆகவே கதவுக்குச் சொல்லுமுன் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சுருள்கள் உலையில் அடித்தவையா, கடையில் வாங்கி ஒட்டிய வார்ப்புகளா, இணைப்புகளில் தண்ணீர் தங்குமா, வர்ணத்துக்கு முன் செதில் நீக்கப்படுமா? மூன்றுக்கும் திருப்தியான பதில் தருபவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள்.