அங்காளம்மனைக் காட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள்!

தென்னாற்காட்டு மக்களுக்கு அங்காளம்மன் புதியவள் அல்ல. மேல்மலையனூரில் அமாவாசை இரவில் கூடும் கூட்டத்தை அறியாதவர் யார்? கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் தீமிதி என்றால் குழந்தைக்கும் தெரியும்.

அதே அங்காள பரமேஸ்வரிக்கு இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் ஒரு கோயில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் மோரே. மணிப்பூர் மாநிலத்தின் கடைசி ஊர் அது. அதைத் தாண்டினால் பர்மா. இன்று மியான்மர் என்று அழைக்கப்படும் நாடு.

சிதம்பரத்தில் ரயில் ஏறுகிறவர் அங்கே போய்ச் சேருவது எளிதல்ல. முதலில் சென்னை. பிறகு கொல்கத்தா. அங்கிருந்து அசாம் வழியாகத் திமாப்பூர். அதற்குப் பிறகு மலைப் பாதையில் 200 கிலோ மீட்டருக்கு மேல் சென்றால் மணிப்பூரின் தலைநகரான இம்பால். அங்கிருந்து இன்னும் 110 கிலோ மீட்டர் மலையும் காடுமாகப் போனால்தான் மோரே.

இத்தனை தூரம் தாண்டி, அந்தக் காட்டில் தமிழர்கள் எப்படிக் குடியேறினார்கள்? அது ஒரு கண்ணீர்க் கதை. துணிச்சலான கதையும் கூட.

பர்மாவில் வாழ்ந்த வாழ்வு

ஒரு காலத்தில் பர்மா, தமிழனுக்கு அடுத்த வீடு போல இருந்தது. ரங்கூன் அரிசி இங்கே வந்தது. பர்மா தேக்கு இங்கே கதவாகவும் தூணாகவும் ஆனது. இங்கிருந்து கூலி வேலைக்கும், கடை வைக்கவும், வட்டித் தொழில் செய்யவும் கப்பல் கப்பலாக மக்கள் போனார்கள். 1929-ம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பத்துக்கும் பர்மாவில் பெரிய வியாபாரம் இருந்தது.

1931-ம் ஆண்டு மக்கள் கணக்குப்படி, ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே!

முதல் அடி 1942-ல் விழுந்தது. ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் தப்பினால் போதும் என்று இந்தியாவை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். பசியும் காய்ச்சலும் பல்லாயிரம் பேரைக் காட்டிலேயே கொன்றன. அவர்கள் நடந்த வழிகளில் ஒன்று, மோரேயை ஒட்டியுள்ள பர்மா ஊரான தமு வழியாக இம்பாலுக்கு வந்தது.

போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்குத் திரும்பினார்கள். மீண்டும் கடை திறந்தார்கள், வயல் உழுதார்கள்.

எல்லாம் போயிற்று

இரண்டாவது அடி, 1962 மார்ச் 2-ந் தேதி விழுந்தது. தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964-ல் கடைகளும் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம், 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் இருந்த பணம் வெறும் காகிதம் ஆயிற்று.

லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல்கள் அவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் கொண்டு வந்து இறக்கின. நகைகளைக் கொண்டு வரவும் கட்டுப்பாடு. அரசு முகாம்களும் குடியிருப்புகளும் அமைத்துக் கொடுத்தது. சென்னை கடற்கரை ரயில் நிலையம் அருகே 1969-ல் தோன்றிய பர்மா பஜார், அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக உண்டானதுதான்.

ஆனால் எல்லோராலும் இங்கே ஒட்ட முடியவில்லை. பர்மாவிலே பிறந்து, பர்மா மொழி பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை.

அவர்களில் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். திரும்பிப் போய் விடுவது! கப்பலுக்கு வழி இல்லை. ஆகவே தரை வழியாகப் புறப்பட்டார்கள். அசாம் வரை ரயில். பிறகு மணிப்பூர் மலைகள். கடைசியில் எல்லை. அங்கே பர்மா ராணுவம் அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பியது.

முன்னால் போக வழி இல்லை. பின்னால் போக மனம் இல்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அந்த இடம்தான் மோரே!

காட்டில் எழுந்த ஊர்

மோரே ஆளில்லாத காடு அல்ல. அது மலை மக்களான குக்கிகளின் மண். தமிழர்கள் அங்கே வந்தேறிகள்தான். மலைப் பகுதி நிலம் பழங்குடி மக்களுக்கு உரியது. வெளியார் அதை வாங்குவது எளிதல்ல.

அப்படியானால் அவர்கள் எதைக் கொண்டு பிழைத்தார்கள்? நாவைக் கொண்டு!

தமிழர்களுக்குப் பர்மா மொழி தெரியும். பர்மாக்காரரின் வியாபார வழக்கமும் தெரியும். இந்தியச் சரக்கை அந்தப் பக்கம் விற்கவும், அந்தப் பக்கத்துச் சரக்கை இங்கே கொண்டு வரவும் இதைவிட வேறு என்ன முதல் வேண்டும்? எந்த நாட்டை விட்டு விரட்டப்பட்டார்களோ, அந்த நாட்டின் மொழியே அவர்களுக்குச் சோறு போட்டது.

குடிசை வீடானது. வீடு தெருவானது. தமிழ்ச் சங்கம் எழுந்தது. அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழுந்தது. மலைக்காட்டின் நடுவே தமிழ்நாட்டுக் கோபுரம்! இட்லியும் தோசையும் கடைக்கு வந்தன. குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி என்று பல மக்களோடு தமிழரும் ஊர்க்காரர் ஆனார்கள்.

1995 ஏப்ரல் 12-ந் தேதி, மோரே வழியாக எல்லை வியாபாரம் சட்டப்படி தொடங்கியது. மோரே, மணிப்பூரின் வாசல் ஆயிற்று.

கதவு மூடியது

ஆனால் வாசலை நம்பி வாழ்கிறவனுக்கு, கதவு மூடினால் வாழ்வும் மூடி விடும்.

1990-களில் மலையில் நடந்த இனக் கலவரங்களின்போதே தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டு வெளியேறின. 2020 மார்ச்சில், கொரோனா காரணமாக எல்லைக் கதவு அடைக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1-ந் தேதி மியான்மரில் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 2022 ஜூலையில், எல்லை தாண்டித் தமுவுக்குச் சென்ற மோரே தமிழர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2023 மே 3-ந் தேதி மணிப்பூரில் மெய்திகளுக்கும் குக்கிகளுக்கும் கலவரம் வெடித்தது. மோரேயிலும் வீடுகள் எரிந்தன. சண்டையில் எந்தப் பக்கமும் சேராத தமிழர்களின் வீடுகளும் தப்பவில்லை.

எல்லையின் இரு பக்கமும் 16 கிலோ மீட்டர் வரை அங்குள்ள மக்கள் விசா இல்லாமல் சென்று வரும் ஏற்பாடு இருந்தது. அதை ரத்து செய்யப் போவதாக, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது.

ஒரு காலத்தில் பெரிய கூட்டமாக இருந்த மோரே தமிழர்கள் இப்போது சில ஆயிரம் பேரே. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர்களுக்குப் போகிறார்கள்.

எது சொந்த ஊர்?

தானே புயல் 2011 டிசம்பரில் வீசியபோது, கடலூர் மாவட்டத்தில் கூரைகள் பறந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நம் மக்கள் அதே மண்ணில் மறுபடி கன்று நட்டார்கள். நிலம் அவர்களுடையது. அந்தத் தைரியம் அவர்களுக்கு இருந்தது.

மோரே தமிழனுக்கு அந்தத் தைரியம் இல்லை. பர்மா அவனை இந்தியன் என்று அனுப்பியது. தமிழ்நாடு அவனைப் பர்மாக்காரன் என்று அழைத்தது. மோரேயில் அவன் வெளியூர்க்காரன். ஆனாலும், அங்கேதான் கோயில் கட்டினான். அங்கேதான் பிள்ளைகளை வளர்த்தான்.

ஒரு மனிதன் எத்தனை முறை புதிதாக வாழத் தொடங்க முடியும்? மூன்று தலைமுறையாக மோரே தமிழர்கள் இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொல்லி வருகிறார்கள்.

மலையில் சமாதானம் வந்தால் அவர்களுக்கு ஊர் உண்டு. எல்லைக் கதவு திறந்தால் பிழைப்பு உண்டு. இரண்டும் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் கையில் இருப்பது உழைப்பு மட்டுமே. அதற்கு அவர்கள் என்றும் குறை வைத்ததில்லை!