ஆராய்ச்சிக்கும் ஐந்தொகை வேண்டும்

கடல் கடந்து கொண்டுவிற்ற காலத்தில், செட்டிநாட்டு முதலாளி தமது கடையை நித்தமும் நேரில் கண்டவரல்லர். கடை இரங்கூனிலோ பினாங்கிலோ நடக்கும். முதலாளி காரைக்குடியில் இருப்பார். ஏஜெண்டு அனுப்பும் கணக்கே இருவருக்கும் நடுவிலிருந்த பாலம். இலாபம் மட்டுமின்றி, வாராக் கடனும் நஷ்டமும் அதில் ஏறியிருக்க வேண்டும். நஷ்டத்தை மறைத்த ஐந்தொகை வெளிப்படும் நாளில் ஏஜெண்டின் பெயரும் கடையின் பெயரும் ஒருங்கே கெடும். வைத்திய சாஸ்திரச் சஞ்சிகைக்கு அனுப்பப்படும் ஆராய்ச்சி வியாசமும் இத்தகைய கணக்கேயாகும். அதை வாசிப்பவர் நோயாளியைக் கண்டதில்லை, ஆஸ்பத்திரியைக் கண்டதில்லை, எழுத்தை நம்பியே தம்மிடம் வரும் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறார்.

இவ்விஷயம் நமது ஜில்லாவுக்கு அந்நியமானதன்று. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்இரசாயன ஆராய்ச்சி நிலையம். 1985-இல் அழகப்பா சர்வகலாசாலை தோன்றிற்று. 2012-இல் சிவகங்கையில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. ஜனங்களின் தேகசுகத்தைக் குறித்து ஆராயும் வாலிபர்கள் இன்று நம்மிடையிலேயே இருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பு உலகத்துக்குப் பயன்படுமா, வீணாகுமா என்பது கையெழுத்துப் பிரதியைத் தயாரிக்கும் கட்டத்திலேயே பெரிதும் நிர்ணயமாகிவிடுகிறது.

நல்ல வியாசத்தின் சக்தி எத்தகையது என்பதற்குச் சென்னையே சான்று. 1956-இல் அங்கே நிறுவப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், 193 ஏழை நோயாளிகளை எவ்விதப் பட்சபாதத்துக்கும் இடமின்றி இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தும், மற்றவர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல ஆகாரமும் பெற்றும் ஒரே மருந்தை ஓராண்டு உண்டனர். 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் முடிவு பிரசுரமாயிற்று. நோய்க்கிருமி அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் 92 பேர். வீட்டிலிருந்தோரின் ஆகாரம் மோசம் என்பதையும், அவர்களுடைய எடை குறைவாகவே ஏறிற்று என்பதையும் ஆசிரியர்கள் ஒளிக்கவில்லை. தங்களுக்குப் பாதகமான எண்களையும் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் விரிந்த அந்த வியாசத்தில் வைத்தமையாலேயே உலகம் அதை நம்பிற்று. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழைக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்ற கொள்கை தேசந்தோறும் பரவிற்று.

அத்தகைய பிரதியைத் தயாரிப்பது எவ்வாறு? எழுதுகோலை எடுப்பதற்கு நெடுநாள் முன்னரே வேலை தொடங்குகிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். மருந்துச் சோதனையாயின், 2007-இல் தொடங்கிய இந்தியச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதைப் பதிய வேண்டும். விளைவைக் கண்டபின் கேள்வியை மாற்றிக்கொள்ளும் தந்திரத்துக்கு இது தடை. எழுதும்போது, எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் மறுத்தனர், எத்தனை பேர் நடுவில் விலகினர் என்று ஒவ்வொரு தலைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். 1996-இல் வெளியான கன்சார்ட் விதிகள் இதையே கேட்கின்றன. உழைத்து, எழுதி, முழுப் பொறுப்பும் ஏற்பவரே ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பது பொய்ச் சாட்சிக்குச் சமானம். ஒரே வியாசத்தை ஒரே சமயத்தில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்பலாகாது. பரிசீலகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக, கோபமின்றி விடையளிக்க வேண்டும். குறுக்கு விசாரணையைத் தாங்காத சாட்சியத்தைக் கோர்ட்டு ஏற்பதில்லை. சாஸ்திரம் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இந்தச் சிரமமான பாதைக்கு அருகே ஒரு குறுக்குச் சந்து திறந்திருக்கிறது. பணம் அனுப்பினால் சில தினங்களில் பிரசுரம் என்று ஆசை காட்டும் போலிச் சஞ்சிகைகள் அங்கே கடை விரித்திருக்கின்றன. கட்டணம் வாங்குவதே குற்றமன்று. யோக்கியமான சஞ்சிகைகளிலும் அவ்வழக்கமுண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசீலனையே செய்யாமல் அச்சிடுவதுதான் மோசடி. டாக்டர் பட்டத்துக்கு முன் வியாசம் பிரசுரமாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2022-இல் நீக்கிற்று. நம்பத்தக்க சஞ்சிகைகளுக்கென 2018-இல் ஏற்படுத்திய கேர் ஜாபிதாவை 2025-இல் கைவிட்டது. ஆகவே நல்லதையும் பொல்லாததையும் பிரித்தறியும் பாரம் இப்பொழுது கல்வி ஸ்தாபனங்களைச் சார்ந்தது. வியாசங்களைத் தலையெண்ணி உத்தியோக உயர்வு கொடுக்கும் வழக்கம் நிற்கும்வரை போலிக் கடைகளுக்கு வியாபாரம் குறையாது.

நாம் கோருவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு கல்லூரியிலும் புள்ளிவிவர நிபுணர் ஒருவரும், பிரதியைத் திருத்தி வழிகாட்டும் அனுபவசாலி ஒருவரும் வாலிபர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு நிலம் வழங்கிய நாட்டில் இதற்கொரு மானியம் வைக்கத் தனவந்தர்கள் இல்லாமற்போக மாட்டார்கள். இரண்டாவது, உயர்வுக்கு வியாசத்தின் எண்ணிக்கையை விட்டு அதன் தரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, முடிவு எதுவாயினும் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, சோதனைக்கு உட்பட்ட ஜனங்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். சம்மதப் பத்திரத்தை அவர்களுடைய பாஷையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறோம். உடலையும் உதிரத்தையும் ஒப்படைத்தவனுக்கு முடிவை மட்டும் அவன் அறியாத பாஷையில் வைத்திருப்பது எந்த நியாயம்? பொதுஜன ஊழியர்கள் இக்கேள்வியைக் கல்லூரி வாசல்தோறும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.