போக்கிமான் விளையாட்டுகளில் உயிரிகளின் பண்புகள் அமையும் முறை

போக்கிமான் என்பது சப்பானின் கேம் பிரீக் நிறுவனம் உருவாக்கி நின்டெண்டோ வெளியிட்டுவரும் நிகழ்பட விளையாட்டுத் தொடர் ஆகும். இதன் முதல் விளையாட்டுகளான ரெட், கிரீன் ஆகிய இரண்டும் 1996 பெப்ரவரி 27 அன்று கேம் பாய் கருவிக்காக வெளிவந்தன. இவற்றை இயக்கிய சத்தோசி தாஜிரி சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தவர். அந்தப் பொழுதுபோக்கே கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்க்கும் இவ்விளையாட்டுக்கு வித்தானது.

பிடிபடும் பூச்சிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. அதுபோலவே இவ்விளையாட்டிலும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரு உயிரிகள் முற்றிலும் ஒன்றாக இருப்பது அரிது. ஓர் உயிரியின் பண்புகள் மூன்று வழிகளில் அமைகின்றன. சில இனம் முழுவதற்கும் பொதுவானவை. சில அவ்வுயிரி தோன்றும்போது குலுக்கல் முறையில் கிடைப்பவை. சில பயிற்சியால் சேர்பவை.

இனத்தின் பொதுப் பண்புகள்

ஒவ்வோர் இனத்துக்கும் நெருப்பு, நீர், புல், மின்சாரம் போன்ற ஒன்று அல்லது இரண்டு வகைகள் உண்டு. முதல் விளையாட்டுகளில் 15 வகைகள் இருந்தன. 1999-இல் இரண்டும் 2013-இல் ஒன்றும் சேர்ந்து இப்போது 18 ஆகியுள்ளன. நீர்வகைத் தாக்குதல் நெருப்புவகை உயிரியை இருமடங்கு பாதிக்கும். மின்சாரத் தாக்குதல் நிலவகை உயிரியைச் சிறிதும் பாதிக்காது.

இரண்டாவது பொதுப் பண்பு அடிப்படை மதிப்புகள். உயிராற்றல், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் ஆகிய ஆறுக்கும் இனந்தோறும் ஓர் எண் தரப்பட்டுள்ளது. பிகாச்சுவின் அடிப்படை வேகம் 90. எல்லாப் பிகாச்சுகளுக்கும் இதுவே.

தனி மதிப்புகள்

ஓர் உயிரி புல்வெளியில் எதிர்ப்படும்போதோ முட்டையாகக் கிடைக்கும்போதோ அதற்கான தனி மதிப்புகளை நிரல் பகடை உருட்டுவதுபோல் தேர்ந்தெடுக்கிறது. 2002-இல் வந்த ரூபி, சபையர் விளையாட்டுகளிலிருந்து ஆறு பண்புகள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை ஓர் எண் கிடைக்கிறது. இந்த எண் திரையில் நேரடியாகக் காட்டப்படுவதில்லை. ஆர்வலர்கள் உயிரியின் மொத்த மதிப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே இதனை அறிகின்றனர்.

அதற்கு முந்தைய விளையாட்டுகளில் இந்த எண் 0 முதல் 15 வரை மட்டுமே இருந்தது. தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்பு ஆகிய நான்குக்கும் தலா 4 பிட் ஒதுக்கப்பட்டு, மொத்தம் 2 பைட்டில் எல்லாம் அடக்கப்பட்டன. உயிராற்றலின் மதிப்புக்குத் தனி இடம் இல்லை. மற்ற நான்கு எண்களும் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதைக் கொண்டே அது கணிக்கப்பட்டது.

சிக்கனத்தால் வந்த சிக்கல்

1999-இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் பாலினமும் அரிய நிற வேறுபாடும் அறிமுகமாயின. இவற்றுக்குப் புதிதாக நினைவக இடம் ஒதுக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த நான்கு எண்களிலிருந்தே இவையும் கணிக்கப்பட்டன. பழைய விளையாட்டிலிருந்து மாற்றிக்கொள்ளப்படும் உயிரிக்கும் இதனால் பாலினம் தானாகக் கிடைத்தது.

ஆனால் பாலினத்தைத் தீர்மானித்த எண் தாக்குதலுக்கு உரியது. ஆணும் பெண்ணும் சமமாகத் தோன்றும் இனங்களில் தாக்குதல் எண் 0 முதல் 7 வரை இருந்தால் பெண், 8 முதல் 15 வரை இருந்தால் ஆண். இதனால் அந்த இனங்களில் பெண் உயிரி எதுவும் பிறப்பில் ஆணைவிடக் கூடுதல் தாக்குதல் பெற முடியாமற்போனது.

அரிய நிறத்துக்குத் தற்காப்பு, வேகம், சிறப்பு ஆகிய மூன்றும் 10 ஆக இருக்க வேண்டும். தாக்குதல் எண் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே இதன் நிகழ்தகவு 1/16 × 1/16 × 1/16 × 1/2, அதாவது 8192-இல் 1 ஆகும். எட்டில் ஒன்று மட்டுமே பெண்ணாகத் தோன்றும் சிக்கோரிட்டா போன்ற இனங்களில், பெண்ணின் தாக்குதல் எண் 0 அல்லது 1 மட்டுமே. மேற்கண்ட எட்டு எண்களில் இவை இரண்டும் இல்லை. எனவே அவ்விளையாட்டுகளில் அரிய நிறம் கொண்ட பெண் சிக்கோரிட்டா தோன்ற வழியே இல்லை.

ஆளுமை எண்

ரூபி, சபையர் விளையாட்டுகளில் இந்தப் பிணைப்பு நீக்கப்பட்டது. ஒவ்வோர் உயிரிக்கும் ஆளுமை எண் எனப்படும் 32 பிட் நீளமுள்ள எண் தனியே வழங்கப்பட்டது. 429 கோடிக்கும் மேற்பட்ட எண்களுள் ஒன்று இவ்வாறு கிடைக்கிறது. வலிமையோடு தொடர்பில்லாத இந்த எண்ணிலிருந்தே பல பண்புகள் பெறப்பட்டன.

- பாலினம்: எண்ணை 256-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதி, இனத்துக்குரிய ஓர் எல்லை எண்ணுடன் ஒப்பிடப்படும்.
- திறன்: இரு திறன்கள் உள்ள இனத்தில், எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து ஒன்று அமையும்.
- இயல்பு: எண்ணை 25-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதி, 25 இயல்புகளுள் ஒன்றைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 78-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 3. அது அடமண்ட் என்னும் இயல்பு.
- உடற்புள்ளிகள்: இசுபிண்டா என்னும் இனத்தின் உடலிலுள்ள நான்கு புள்ளிகளின் இடமும் இந்த எண்ணால் அமைந்தது.

இயல்பு என்பது ஒரு பண்பை 10 விழுக்காடு கூட்டி, வேறொன்றை 10 விழுக்காடு குறைக்கும். அடமண்ட் இயல்பில் தாக்குதல் கூடும், சிறப்புத் தாக்குதல் குறையும். 25-இல் ஐந்து இயல்புகள் எதையும் மாற்றாத நடுநிலை இயல்புகள். 2010-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறை விளையாட்டுகளிலிருந்து இயல்பு ஆளுமை எண்ணில் அடங்காமல் தனியாகவே சேமிக்கப்படுகிறது.

பயிற்சி மதிப்புகள்

போரில் வெல்வதால் உயிரிக்குப் பயிற்சி மதிப்புகள் சேர்கின்றன. எந்த இனத்தைத் தோற்கடித்தால் எந்தப் பண்பு வளரும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. ஓர் உயிரி மொத்தம் 510 வரை பெறலாம். ஒரு பண்புக்கு 252 வரை பயன்படும். 100-ஆம் நிலையில் நான்கு பயிற்சி மதிப்பு ஒரு புள்ளிக்குச் சமம்.

பிறப்பா, பயிற்சியா?

உயிராற்றல் நீங்கலான ஐந்து பண்புகளும் பின்வருமாறு கணக்கிடப்படுகின்றன. அடிப்படை மதிப்பை இரட்டித்து, அதனுடன் தனி மதிப்பையும் பயிற்சி மதிப்பின் நான்கில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். அதனை உயிரியின் நிலையால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 5 கூட்டி, இறுதியில் இயல்பின் விளைவைச் சேர்க்க வேண்டும். பின்னங்கள் விடப்படும். 100-ஆம் நிலையில் உள்ள பிகாச்சுவின் வேகம் இதன்படி:

- தனி மதிப்பு 0, பயிற்சி இல்லை, நடுநிலை இயல்பு: 185
- தனி மதிப்பு 31, பயிற்சி இல்லை, நடுநிலை இயல்பு: 216
- தனி மதிப்பு 31, பயிற்சி இல்லை, வேகம் கூட்டும் இயல்பு: 237
- தனி மதிப்பு 0, பயிற்சி 252, நடுநிலை இயல்பு: 248
- தனி மதிப்பு 31, பயிற்சி 252, வேகம் கூட்டும் இயல்பு: 306

பிறப்பில் எல்லாம் வாய்த்தும் வேகப் பயிற்சி பெறாத பிகாச்சுவை (237), பிறப்பில் எதுவும் வாய்க்காமல் முழுப் பயிற்சி பெற்ற பிகாச்சு (248) முந்திவிடுகிறது. முழுப் பயிற்சியால் 63 புள்ளிகள் சேர்கின்றன. தனி மதிப்பால் சேர்வது அதிகபட்சம் 31 மட்டுமே.

எனினும் போட்டிகளில் பங்கேற்போர் அனைவரும் தம் உயிரிகளுக்கு முழுப் பயிற்சி அளித்திருப்பர். அங்கே பயிற்சி சமமாகிவிடுவதால் பிறப்பில் வந்த வேறுபாடே வெற்றியைத் தீர்மானிக்கும். வேகத்தில் ஒரு புள்ளி கூடினாலும் முதலில் தாக்கும் வாய்ப்பு கிடைக்கும். இதனால் ஆர்வலர்கள் நல்ல மதிப்புகள் கொண்ட பெற்றோரைச் சேர்த்து நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொரித்து, வேண்டாதவற்றை விட்டுவிடும் வழக்கம் உருவானது. 2013-இல் வந்த எக்சு, ஒய் விளையாட்டுகளில், டெசுட்டினி நாட் என்னும் பொருளைப் பெற்றோரில் ஒன்று வைத்திருந்தால் பெற்றோரின் 12 தனி மதிப்புகளில் ஐந்து குட்டிக்குச் செல்லுமாறு மாற்றப்பட்டது. இது அந்த உழைப்பை ஓரளவு குறைத்தது.

பிற்கால மாற்றங்கள்

பிறப்பில் அமைந்தவற்றையும் பின்னர் திருத்திக்கொள்ளும் வழிகள் படிப்படியாக வந்தன.

- 2013: எபிலிட்டி காப்சூல் மூலம் ஓர் உயிரியின் திறனை அதன் இனத்துக்குரிய மற்றொரு திறனாக மாற்றலாம்.
- 2016: சன், மூன் விளையாட்டுகளில் ஐப்பர் டிரெயினிங் வந்தது. 100-ஆம் நிலையை எட்டிய உயிரியின் தனி மதிப்பு 31 எனக் கொள்ளப்படும். 2022-இல் வந்த இசுகார்லெட், வயலட் விளையாட்டுகளில் இதற்கு 50-ஆம் நிலையே போதும்.
- 2019: சுவோர்டு, சீல்டு விளையாட்டுகளில் வந்த புதினா இலைகள், இயல்பினால் ஏற்படும் கூடுதல் குறைவை மாற்றுகின்றன.

இதனால் விளையாட்டின் தொடக்கத்தில் பிடித்து, நெடுநாள் உடன் வளர்த்த உயிரியையே போட்டிக்கும் கொண்டுசெல்ல முடிகிறது. ஆயினும் ஐப்பர் டிரெயினிங் உயிரியின் உண்மையான தனி மதிப்பை அழிப்பதில்லை. கணக்கீட்டின்போது மட்டும் அதனை 31 எனக் கொள்கிறது. முட்டையின் வழியே குட்டிக்குச் செல்வது பழைய எண்ணே ஆகும்.