உங்களுக்குத் தெரியுமா? குளியலறையில் முதல் இடம் தண்ணீருக்கு

மொகஞ்சதாரோ வீடுகளில் குளிக்கும் மேடையைச் செங்கல் பாவி, ஒரு மூலைக்குச் சரித்துக் கட்டினார்கள். அந்த அறை பெரும்பாலும் தெருச்சுவரை ஒட்டி இருந்ததால் கழிவுநீர் நேரே தெருக்கால்வாயில் இறங்கியது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் போகும் வழியைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். நாம் டைல்ஸ் கடையிலிருந்து தொடங்குகிறோம்.

அந்தச் சரிவுக்கு நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் போதும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு தண்ணீர் தேங்கினால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஷவர் அடியில் பெரிய டைல்ஸ் வேண்டாம்; நாலாபுறமும் சரியும் தரைக்கு அது வளைந்து கொடுக்காது. சின்ன டைல்ஸ் வாட்டத்தோடு படியும், இடையிடையே வரும் இணைப்புக் கோடுகள் காலுக்குப் பிடிமானமும் தரும். பார்க்கவும் அழகு.

கழிவறை நாற்றத்தைத் தடுத்தவர் ஒரு கடிகாரக் கலைஞர்! லண்டனில் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், 1775இல் எஸ் வடிவக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் நிற்கும் தண்ணீரே காற்றுக்கு மூடி. நம் குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அந்தத் தண்ணீர் வற்றி, நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வரும். ஃபினைல் தேட வேண்டாம், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐந்துக்கு எட்டு அடி அறையிலும் ஈரத்தையும் உலர்வையும் பிரிக்கலாம். கதவருகே வாஷ்பேசின், அடுத்து கமோட், கடைக்கோடியில் ஷவர். ஷவர் பகுதியை அரை அங்குலம் தாழ்த்தி, ஒரு கண்ணாடித் தடுப்பும் வைத்தால் கைகழுவப் போகிறவர் கால் நனையாது. ஜப்பானிய வீடுகளில் கழிவறையும் குளியலறையும் பெரும்பாலும் தனித்தனி அறைகள். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே குளியலறையை ஐந்து பேர் பகிரும் வீட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி!

கமோட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். வாங்கும் முன், கழிவுக்குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு எஸ் டிராப், பின்னதற்கு பி டிராப்.

கமோட் தொட்டியில் நாம் அழுத்தும் இரட்டை ஃப்ளஷ் பொத்தான் 1980இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்ப்சன் வடிவமைத்தது.

2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பு கொடுங்கள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதியோர் இருக்கும் வீட்டில் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கான இடத்தைச் சுவர் எழும்போதே குறித்துவிடுங்கள்.

சுவருக்குள் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து நான்கு சுவரையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கைப்பிடிக்குத் துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.