போறணை இல்லாத வீட்டில் மீன் பணிஸ்

பேசாலையில் காலை ஐந்தரை மணி. பனையோலை வேலிக்குள் இருந்த குசினியில் அன்றைய வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. சுளகில் பரப்பிய துணியில் 42 மீன் பணிஸ்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுக்கப்போன என் கையை அக்கா தட்டிவிட்டார். "சூட்டோட பிக்காதேங்கோ பிள்ளை. உள்ளுக்கு ஆவி அடங்கோணும். இல்லாட்டி களியாத்தான் இருக்கும்."

தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் மின்சாரப் போறணையும் இல்லை, எரிவாயுப் போறணையும் இல்லை. இரண்டு பெரிய சட்டிகள், கொஞ்சம் கடற்கரை மணல், சிரட்டைத் தணல். இவற்றை வைத்துக்கொண்டுதான் பல வருடங்களாகப் பணிஸ் சுட்டு, ஊர்த் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். செய்முறையைச் சொல்லித் தரக் கேட்டேன். "எழுதுங்கோ. போறணை இல்லாத ஆக்களுக்கும் விளங்குற மாதிரி எழுதுங்கோ" என்றார்.

பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். பணிஸ் ஆங்கிலத்திலிருந்து வந்தது. உள்ளே வைக்கும் மீன் மட்டும் எங்களுடையது. கடைகளில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் இலங்கையில் கள்ளை ஊற்றிப் பாண் மாவைப் புளிக்க வைத்தார்கள். கள்ளில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கிறது. பனை நிறைந்த மன்னார்த் தீவில் அதற்குக் குறைவில்லை.

அக்கா இந்தச் சட்டி முறையைக் கற்றது பேசாலையில் அல்ல, மண்டபம் அகதி முகாமில். 2006 ஜூன் 17ஆம் திகதி பேசாலை வெற்றிநாயகி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது தாக்குதல் நடந்தபோது அவரும் உள்ளே இருந்தார். சில வாரங்களில் குடும்பத்தோடு படகேறினார். "அங்க பன் எண்டு கேட்டா இனிப்பு பன்தான் தருவினம். சின்னவன் மீன் பணிஸ் வேணுமெண்டு அழுவான். போறணைக்கு எங்க போறது? பக்கத்து வீட்டு ஆச்சிதான் சட்டிக்க மணல் போட்டுச் சுடச் சொன்னவ." போர் முடிந்து ஊர் திரும்பும்போது கொண்டு வந்த சாமான்களில் அந்தச் சட்டியும் ஒன்று.

இடம்பெயர்ந்தவர்களோடு பணிஸும் சேர்ந்து போவது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த அவர்கள் கட்டாய இராணுவச் சேவைக்கு அஞ்சி 1870களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வந்தபின் 1920களில் இன்னும் சுமார் 20,000 பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். வழிக்குச் சாப்பாடாகப் பணிஸை மொறுமொறுப்பாகக் காயவைத்து மூட்டை கட்டினார்கள். இறைச்சி வைத்துச் சுடும் பணிஸை அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வீட்டில் செய்கிறார்கள். அதே கனடாவில், ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் இன்று எங்கள் மீன் பணிஸ் விற்கிறது.

இனிச் செய்முறை. இந்த அளவுக்கு 14 பணிஸ் வரும்.

மாவுக்கு: கோதுமை மா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 2 தேக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, மாஜரின் 50 கிராம், இளஞ்சூடான தண்ணீரும் பாலும் சேர்த்து 270 மில்லிலீற்றர் வரை. தீவின் பல கிணறுகளில் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரென்றால் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

தண்ணீரின் சூட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர். சீனியைத் தின்று காற்றை வெளிவிடும். அந்தக் காற்றுத்தான் மாவைப் பொங்க வைக்கிறது. கொதிதண்ணீர் ஊற்றினால் அது செத்துவிடும். விரலை வைத்தால் சுடாத வெதுவெதுப்பே போதும். பத்து நிமிடம் விடாமல் குழைக்க வேண்டும். மாவை விரலால் இழுத்தால் அறுந்து போகாமல் மெல்லிய தோல்போல நீள வேண்டும். அந்தப் பதம் வராத மாவில் காற்று தங்காது.

புத்தகங்களில் ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. மன்னார் வெயிலில் 40, 45 நிமிடத்தில் மா இரண்டு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்து, சுடும்போது அமர்ந்துவிடும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இன்னொரு தொல்லை: மாவின் மேற்புறம் காய்ந்து தோல் கட்டும். ஈரத்துணியால் மூடி, காற்றுப் படாத மூலையில் வைக்க வேண்டும்.

கறிக்கு: முள்ளெடுத்த மீன் 350 கிராம், அவித்த உருளைக்கிழங்கு 250 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் நான்கு, கறிவேப்பிலை, மிளகுத்தூள், மஞ்சள், உப்பு, பாதித் தேசிக்காய். சூரை நல்லது. அது இல்லாத நாளில் பாரை. கடலுக்குப் போக முடியாத நாளில் ரின் மீன். மீனை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து உதிர்த்து, தாளித்த வெங்காயத்தோடு ஈரம் வற்றும்வரை பிரட்டி, கிழங்கைச் சேர்த்து மசிக்க வேண்டும். இறக்கியபின் தேசிப்புளி. மீன் சாப்பிடாதவர்கள் மாட்டிறைச்சியையோ கோழியையோ இதேபோல வற்ற வைத்துச் சேர்க்கலாம்.

கறியில் தண்ணீர் நின்றால் பணிஸ் வெடிக்கும். சூடாக வைத்தாலும் மா உள்ளே இளகிவிடும். முற்றாக ஆறியபிறகே வைக்க வேண்டும். மாவை 60 கிராம் உருண்டைகளாக்கி, நடுப்பகுதி தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் தட்டி, ஒரு மேசைக்கரண்டி நிறையக் கறி வைத்து, மூன்று பக்கமும் மடித்து ஒட்ட வேண்டும். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். இன்னும் 20 நிமிடம் விட்டு, மேலே முட்டை பூச வேண்டும்.

போறணை உள்ளவர்கள் 190 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் சுடலாம். இல்லாதவர்களுக்கு அக்காவின் முறை: அடிகனமான பெரிய சட்டியில் இரண்டு அங்குலத்துக்குக் கழுவிக் காயவைத்த மணல். அதன்மேல் ஒரு இரும்பு வளையம் அல்லது மூன்று கல், அதன்மேல் தட்டு. உலோக மூடியால் மூடி, அடியில் விறகும் மூடியின் மேல் சிரட்டைத் தணலும் வைத்து அரை மணித்தியாலம் சூடாக்க வேண்டும். தட்டில் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சூடு சரி. உடனே கறுத்தால் விறகை இழுக்க வேண்டும். மேல் தணல்தான் பணிஸுக்கு நிறம் கொடுக்கும். அது இல்லாவிட்டால் அடி கருகும், மேல் வெளிறும். 25 நிமிடத்தில் வெந்துவிடும். அடியைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுவதுபோலச் சத்தம் வர வேண்டும். அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும்; இந்த வெக்கைக்கு மீன் கறி இரவு தாங்காது.

முன்பு அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சுட்டார். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த வருடம் மார்ச்சிலிருந்தே மன்னாரிலிருந்து குடும்பங்கள் மீண்டும் தனுஷ்கோடிக்குப் படகேறத் தொடங்கியிருந்தன. "எங்களையும் கூப்பிட்டவை" என்றார். "இவர் வெளிக்கிடுவம் எண்டார். நான் மாட்டன் எண்டன். விறகுக்கு மாறினன்."

கணவர் கடற்றொழிலாளி. 2017 ஜூலையில் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் ஒரே இரவில் அவரின் வலைகளை அறுத்துக்கொண்டு போய்விட்டன. புது வலைக்கு எடுத்த நுண்கடனைக் கட்டி வருவது பணிஸ் காசு. இன்னும் ஐந்து தவணை இருக்கிறது.

மா விலை ஏறும்போது பணிஸைச் சின்னதாக்குவீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "சின்னதாக்கினா வாங்குற ஆளுக்குத் தெரியும். கிழங்கைக் கொஞ்சம் கூட்டுவன். மீனைக் குறைக்க மாட்டன். மீன் பணிஸ் எண்டுதானே விக்கிறன்."

ஆறு மணிக்கு மகன் சைக்கிளில் பெட்டியைக் கட்டினான். முகாமில் பணிஸுக்கு அழுத அதே சின்னவன். நாற்பது கடைக்கு. ஒன்று எனக்கு, ஒன்று கடலிலிருந்து வருகிறவருக்கு.